தொண்ணூறு நொடி வியாபாரம்

கல்யாண வரவேற்புக்குப் போனால் என் கண் முதலில் மேடைக்குப் போகாது. வரிசைகளைத்தான் தேடும். மொய் எழுத ஒரு வரிசை. மணமக்களோடு படம் எடுத்துக்கொள்ள இன்னொன்று. சாப்பிடுகிறவரின் நாற்காலியைப் பிடித்தபடி அவர் எப்போது மோருக்கு வருவார் என்று பார்த்து நிற்பவர்களை இந்தக் கணக்கில் சேர்க்க முடியாது, அது தனிக்கலை. சில வருஷங்களாகப் புதிதாக ஒரு வரிசை முளைத்திருக்கிறது. மண்டபத்துக்கு வெளியே, கார்கள் நிற்கும் இடத்தின் ஓரமாக ஒரு லோடு வண்டி. பின்கதவு திறந்திருக்கும். உள்ளே கவிழ்த்த சட்டிபோல ஓர் அடுப்பு, அதன் கூரையை நக்கிக்கொண்டு தீ. எதிரே பட்டுப்பாவாடைப் பிள்ளைகள் பத்துப் பேர். அவர்களுக்குப் பின்னால், "பிள்ளைக்குத்தான்" என்று சொல்லிக்கொண்டு பெரியவர்கள் இருபது பேர்.

பானிபூரி, சாட், தோசை, பருத்திப்பால் என்று கேட்டரிங்காரர்கள் 'லைவ் கவுண்டர்' போட ஆரம்பித்தபோதே இது வந்திருக்க வேண்டியது. கொஞ்சம் தாமதமாக வந்ததற்குக் காரணம் உண்டு. 1996-இல்தான் டோமினோஸ் டெல்லியிலும் பீட்சா ஹட் பெங்களூரிலும் முதல் கடையைத் திறந்தன. அந்த வாக்கில் பிறந்த பிள்ளைகளுக்குத்தான் இப்போது கல்யாணம் நடக்கிறது. பிறந்தநாள் என்றால் பீட்சா என்று வளர்ந்த தலைமுறை அது. வரவேற்பு மெனுவில் அதைச் சேர்க்கச் சொல்வது அப்பாவோ தாய்மாமனோ இல்லை, பெண்ணும் மாப்பிள்ளையும்தான்.

ஆகவே இந்தத் தொழிலில் இறங்க ஆசைப்படுகிறவர்கள் கூடியிருக்கிறார்கள். ஐ.டி. வேலையில் சலித்தவர், கேட்டரிங் படித்து கப்பலுக்குப் போய்த் திரும்பியவர், அப்பாவின் சமையல் காண்ட்ராக்டைப் புதுப்பிக்க நினைக்கும் மகன் என்று பல வகை. எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி, "எவ்வளவு முதல் போடணும்?" நான் அவர்களிடம் திருப்பிக் கேட்பது, "ஒரு மணி நேரத்தில் எத்தனை எடுப்பீங்க?" இரண்டாவது கேள்விக்குப் பதில் தெரியாதவருக்கு முதல் கேள்வியின் பதில் உதவாது.

சும்மாட்டில் ஒரு கடை

வண்டியில் பீட்சா விற்பதைப் புதுமை என்று நினைக்கிறோம். நேப்பிள்ஸ் நகரில் அது பழைய சங்கதி. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அங்கே அடுப்பு ஓரிடத்தில் எரியும், சரக்கு தெருத்தெருவாக அலையும். உருண்டையான உலோகப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு பையன்கள் கிளம்புவார்கள். 'ஸ்தூஃபா' என்று அதற்குப் பெயர். நம் ஊர் சுண்டல்காரரின் தூக்குவாளிக்கு ஒன்றுவிட்ட அண்ணன் என்று வைத்துக்கொள்ளலாம்.

மதில்டே செராவோ என்ற பெண் பத்திரிகையாளர் 1884-இல் 'நேப்பிள்ஸின் வயிறு' என்றொரு புத்தகம் எழுதினார். காலரா சூறையாடிய வருஷம் அது. ஏழைகள் என்ன தின்கிறார்கள் என்று எழுதும்போது பீட்சாவுக்கு வருகிறார். பெரிய பீட்சாவைத் துண்டு போட்டு, துண்டு ஒரு காசு என்று தெருமுனையில் ஒரு பையனை உட்காரவைத்து விற்பார்களாம். குளிரில் விறைத்து, வெயிலில் மஞ்சளாகி, ஈ மொய்த்து அது நாள் முழுக்கக் கிடக்கும் என்கிறார். இன்றைக்கு ஐ.நா.வின் யுனெஸ்கோ, மானுடத்தின் பண்பாட்டுச் சொத்து என்று பட்டியலில் வைத்திருக்கும் கலையின் பூர்வாசிரமம் இது. நேப்பிள்ஸ் பீட்சாக்காரர்களின் கலைக்கு 2017-இல் அந்தப் பட்டம் கிடைத்தது.

செராவோ சொல்லும் இன்னொரு கதைதான் தொழில் தொடங்குகிறவர்களுக்கு முக்கியம். நேப்பிள்ஸ்காரர் ஒருவர் ரோம் நகரில் தன் ஊர்க்காரர்கள் ஏராளம் இருப்பதைக் கணக்குப் போட்டு அங்கே ஒரு பீட்சாக் கடை திறந்தார். முதலில் நல்ல கூட்டம். பிறகு மெல்ல மெல்லக் குறைந்து கடை படுத்துவிட்டது. ஊரை விட்டுப் பெயர்த்து நட்டதும் பீட்சா ஒட்டாமல் போய்விட்டது என்பது செராவோவின் தீர்ப்பு. அந்த மனிதர் மக்கள்தொகையை எண்ணினார். அவர்கள் எந்த வேளையில், எந்தத் தெருவில், எந்தப் பசியோடு அதைத் தின்றார்கள் என்பதை எண்ணவில்லை. நூற்று நாற்பது வருஷம் கழித்தும் இதே தவறை நம் ஆட்கள் செய்கிறார்கள். அதற்குப் பிறகு வருகிறேன்.

நேப்பிள்ஸில் கடனுக்கும் பீட்சா உண்டு. 'இன்றிலிருந்து எட்டு' என்பார்கள். இன்று தின்றுவிட்டு எட்டாம் நாள் காசு தருவது. 1835-இல் அங்கே போன பிரெஞ்சு நாவலாசிரியர் அலெக்சாந்தர் துமா இதைத் தப்பாகப் புரிந்துகொண்டு, ஒரு வாரத்துக்கு முன்னால் சுட்ட பீட்சா என்று எழுதிவைத்துவிட்டார். விட்டோரியோ டி சிகா 1954-இல் எடுத்த 'நேப்பிள்ஸின் தங்கம்' படத்தில் ஒரு கதைக்கே 'கடனுக்குப் பீட்சா' என்று தலைப்பு. எண்ணெயில் பொரித்த பீட்சா விற்பவளாக வருவது சோபியா லாரென். இந்த எட்டு நாள் சமாசாரத்தையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

தேனீயின் முதுகில் அடுப்பு

நம் ஊர்ச் சாலையில் மண்ணெண்ணெய்ப் பீப்பாய் முதல் மாட்டுத்தீவனம் வரை சுமக்கும் ஆப்பே ஆட்டோவுக்கும் பீட்சாவுக்கும் ஒரே தாய்நாடு. போருக்குப் பிறகு ஓட்டாண்டியாக நின்ற இத்தாலியில் சிறு வியாபாரிகளுக்காக பியாஜியோ நிறுவனம் 1948-இல் கொண்டுவந்த மூன்று சக்கர வண்டி அது. வெஸ்பா ஸ்கூட்டரை வடிவமைத்த கொராதீனோ தஸ்கானியோவின் கைவண்ணம். வெஸ்பா என்றால் குளவி, ஆப்பே என்றால் தேனீ. மகாராஷ்டிர மாநிலம் பாராமதியில் இப்போது அது தயாராகிறது.

இந்த வண்டியை வைத்துத் தொழில் தொடங்கியவர்களில் பெயர் பெற்றவர்கள் ஜேம்ஸ், தாம் எலியட் என்ற லண்டன் சகோதரர்கள். 2011-இல் வேலையை உதறிவிட்டு இத்தாலிக்குப் போய் ஓர் ஆப்பேயை வாங்கினார்கள். கப்பலில் ஏற்றி அனுப்பியிருக்கலாம். வழியெல்லாம் பீட்சாக் கடைகளைப் பார்த்துக்கொண்டே லண்டன் வரை ஓட்டி வந்தார்கள். அதன் முதுகில் ஓர் அடுப்பைப் பொருத்தி, சோஹோ பகுதியின் பெர்விக் தெருச் சந்தையில் நின்றார்கள். கடைக்குப் 'பீட்சா பில்கிரிம்ஸ்' என்று பெயர். 2013-இல் பக்கத்திலேயே டீன் தெருவில் நாற்காலி போட்ட கடை வந்துவிட்டது.

அமெரிக்காவின் சான்பிரான்சிஸ்கோவில் ஜான் டார்ஸ்கி என்பவர் நேர் எதிர்த் திசையில் போனார். நேப்பிள்ஸில் கட்டிய செங்கல் அடுப்புதான் வேண்டும் என்று பிடிவாதம். அதன் எடையோ இரண்டு டன்னுக்கு மேல். 2012-இல் ஒரு கப்பல் கண்டெய்னரையே லாரியில் ஏற்றி, ஒரு பக்கச் சுவருக்குக் கண்ணாடி போட்டு, உள்ளே அந்த அடுப்பை நிறுத்தினார். 'தெல் பொபோலோ' என்ற அந்த லாரியும் மூன்று வருஷத்தில் கடையாக உட்கார்ந்துவிட்டது.

இரண்டு கதையிலும் கவனிக்க வேண்டியது எடை. டாடா ஏஸ் போன்ற சின்ன லோடு வண்டி முக்கால் டன் அளவில்தான் தாங்கும். அதில் அடுப்பு, சிலிண்டர், குளிர்ப்பெட்டி, தண்ணீர், மூன்று ஆள் என்று ஏற்றிப் பாருங்கள். செங்கல் அடுப்பு என்ற கனவு ஆர்.டி.ஓ. ஆபீஸ் வாசலிலேயே கலைந்துவிடும். வண்டியின் உருவத்தை மாற்றினால் மோட்டார் வாகனச் சட்டப்படி அனுமதி வாங்கிப் பதிவுப் புத்தகத்தில் ஏற்ற வேண்டும் என்பதைப் பலர் பட்டறையில் வெல்டிங் முடிந்த பிறகுதான் கேள்விப்படுகிறார்கள்.

இந்தச் சிக்கலை ஓரளவு தீர்த்தது கையில் தூக்கக்கூடிய அடுப்பு. கிறிஸ்டியன் தபானினாஹோ என்ற ஃபின்லாந்துக்காரர் 2012-இல் அப்படியொன்றை உருவாக்கினார். ஃபின்னிஷ் மொழியில் அடுப்புக்கு 'ஊனி' என்று பெயர், அதையே வைத்துவிட்டார். தகடும் காப்புப் பஞ்சும் தரையில் ஒரு கல்லும்தான் சரக்கு. அரை மணிக்குள் நேப்பிள்ஸ் சூட்டைத் தொட்டுவிடும். இன்று நம் ஊர்ப் பட்டறைகளிலும் அதே தத்துவத்தில் அடித்துத் தருகிறார்கள். புதிதாக இறங்குகிறவருக்கு என் யோசனை இதுதான்: முதல் வருஷம் வண்டியைத் தொடவே தொடாதீர்கள். இரண்டு தகட்டு அடுப்பு, ஒரு மடக்கு மேஜை, வாடகை லோடு ஆட்டோ போதும். அழகான வண்டி ஃபோட்டோவுக்கு நன்றாக இருக்கும். ஆனால் முகூர்த்தம் இல்லாத மாதத்திலும் அது மாதத் தவணை கேட்கும்.

பரோட்டா மாஸ்டர் மறக்க வேண்டியது

நேப்பிள்ஸ் பீட்சாவுக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2010-இல் ஓர் இலக்கணம் எழுதிப் பதிவு செய்தது. ஒரு லிட்டர் தண்ணீர், சுமார் 1.8 கிலோ மாவு, 50-லிருந்து 55 கிராம் உப்பு, 3 கிராம் ஈஸ்ட். எண்ணெய், சர்க்கரை, பால் எதுவும் கிடையாது. பிசைந்து இரண்டு மணி நேரம் விட்டு, 180-லிருந்து 250 கிராம் வரை உருண்டை பிடித்து, மறுபடி நாலிலிருந்து ஆறு மணி நேரம் வைக்க வேண்டும். வைக்கும் இடத்தின் சூடு 25 டிகிரி. அடுப்பின் சூடு 430-லிருந்து 485 டிகிரி. வேகும் நேரம் அறுபதிலிருந்து தொண்ணூறு நொடி.

இந்தப் பட்டியலில் நம்மைக் கவிழ்ப்பது அடுப்புச் சூடு இல்லை, அந்த 25 டிகிரி. சித்திரை மாதத்து மதுரையில் 25 டிகிரி எங்கே கிடைக்கும்? ஈஸ்ட் வெயிலில் தலைதெறிக்க ஓடும். மதியம் மூன்று மணிக்கு அழகாக எழும்பி நிற்கும் உருண்டை, வரவேற்பு தொடங்கும் ஏழு மணிக்குத் தட்டில் வழிந்து, புளித்த வாடை அடித்து, கையில் எடுத்தால் கிழியும். ஆனால் பயப்பட ஒன்றுமில்லை. கோடையில் தோசை மாவை எத்தனை மணிக்கு ஃபிரிட்ஜில் தள்ள வேண்டும், மார்கழியில் எத்தனை மணி கூடுதலாக வெளியே விட வேண்டும் என்று நம் வீட்டுப் பாட்டிகளுக்குத் தெரியும். அதே கணக்குதான் இங்கேயும். ஈஸ்டைக் குறை, ஐஸ் தண்ணீர் ஊற்று, முதல் நாள் ராத்திரியே பிசைந்து குளிரில் உறங்கவிடு. மண்டபத்துக்குப் போகும் வழியில் குளிர்ப்பெட்டி, போட இரண்டு மணி நேரம் முன்னால் வெளியே. மெதுவாகப் புளித்த மாவுக்கு ருசியும் கூடுதல்.

ஆள் எங்கே கிடைப்பார் என்று கேட்பவர்கள் பரோட்டாக் கடைப் பக்கம் போகலாம். மைதாவின் மனசு தெரிந்தவர்கள் அவர்கள்தான். பிசைந்த மாவை விரலால் அமுக்கியே இன்னும் எவ்வளவு நேரம் ஊற வேண்டும் என்று சொல்லிவிடுவார்கள். ஒரே ஒரு பழக்கத்தை மட்டும் அவர்கள் மறக்க வேண்டியிருக்கும். பரோட்டாவுக்கு மாவை வீசி அடித்து, காற்றையெல்லாம் விரட்டிக் கண்ணாடிபோல ஆக்குவது கலை. பீட்சாவுக்கு, ராத்திரி முழுக்க ஈஸ்ட் சேர்த்துவைத்த காற்றை நடுவிலிருந்து ஓரத்துக்கு ஒதுக்கித் தள்ள வேண்டும். ஓரத்தைத் தொடவே கூடாது. பரோட்டா மாஸ்டருக்கு இது கொஞ்சநாள் கைக்கு வராது. வந்துவிட்டால் அவரை மிஞ்ச ஆள் இல்லை. சம்பளத்தை நன்றாகப் பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

நூறு பீட்சா, நூற்றைம்பது நிமிஷம்

இப்போது அந்த இரண்டாவது கேள்விக்கு வருவோம். அறுநூறு பேர் வரும் வரவேற்பு. பீட்சா மட்டுமே சாப்பாடு இல்லை, பந்தி உண்டு. ஆளுக்கொரு துண்டு, பீட்சாவுக்கு ஆறு துண்டு என்றால் நூறு பீட்சா. உருண்டை 250 கிராம் என்றால் 25 கிலோ மாவு. மைதாவாக ஏறக்குறைய 16 கிலோ. நேப்பிள்ஸ் கணக்கில் அதற்கு ஈஸ்ட் 26 கிராம்தான், நம் வெயிலுக்கு அதிலும் குறைவு. பீட்சாவுக்கு 80 கிராம் என்றால் மொசரெல்லா சீஸ் 8 கிலோ. சீஸ் கிலோ 500 ரூபாய் என்று வைத்தால் ஒரு பீட்சாவில் 40 ரூபாய்ச் சீஸ். மாவுக்கு எட்டு ரூபாய்கூட ஆகாது. தக்காளி, காய்கறி, எரிபொருள் எல்லாம் சேர்த்தாலும் சரக்குச் செலவில் பாதியைச் சீஸே தின்றுவிடும். லாபம் குறையும்போது கை முதலில் போகும் இடமும் அதுதான். பாமாயிலில் செய்த சீஸ் மாதிரி ஒன்று பாதி விலைக்குக் கிடைக்கும். அதை வாங்குகிறவர் வாடிக்கையாளரிடம் சொல்லிவிட்டு வாங்கட்டும்.

சரக்கு கணக்கு எளிது. நேரக் கணக்குதான் கழுத்தைப் பிடிக்கும். ஒரு பீட்சா தொண்ணூறு நொடி. உள்ளே தள்ள, திருப்ப, எடுக்க இன்னும் முப்பது நொடி. ஒரு நேரத்தில் ஒன்றே வேகும் சின்ன அடுப்பில் நூறுக்கு 200 நிமிஷம். வரவேற்பில் கூட்டம் நெரிவது ஏழிலிருந்து ஒன்பதரை வரை, 150 நிமிஷம். தொடர்ந்து ஐந்தாறு போட்டால் கல் சூடு இறங்கி, மறுபடி ஏறக் காத்திருக்க வேண்டும். அந்த நேரம் இதில் சேரவில்லை. ஆக, ஓர் அடுப்போடு போனவர் எட்டு மணிக்கே தோற்றுவிட்டார்.

இதோடு முடியவில்லை. நேப்பிள்ஸ் பீட்சாவின் ஓரத்தில் சிறுத்தைப் புள்ளிபோலக் கருப்புக் கருப்பாகக் கொப்புளம் இருக்கும். அங்கே அது அழகு. இங்கே முதல் தட்டை வாங்கும் பெரியம்மா அடுப்பை எட்டிப் பார்த்து, "ஏம்ப்பா, கருகிப்போச்சே! வேற போட்டுக் கொடு" என்பார். அதன் நடுப்பகுதி ஈரமாக, மடித்துத் தின்னத் தோதாக இருக்கும். அதை இங்கே "வேகலை" என்பார்கள். இரண்டு புகாரையும் தீர்க்கச் சூட்டைக் குறைத்து மொறுமொறுப்பாக எடுத்தால் தொண்ணூறு நொடி மூன்று நிமிஷமாகும். ருசியைப் பற்றி எடுத்த ஒரு முடிவு வரிசையை ஏறக்குறைய இரண்டு மடங்கு நீட்டிவிடும். ரோமில் கடை போட்டவர் எண்ணாமல் விட்டது இந்த மாதிரி விஷயங்களைத்தான்.

வழி இல்லாமல் இல்லை. மூன்று நாலு ஒருசேர வேகும் பெரிய அடுப்பு ஒன்று. அல்லது பேஸை முக்கால் பதத்துக்கு வீட்டிலேயே சுட்டு எடுத்துப்போய், மண்டபத்தில் சீஸை மட்டும் உருக்குவது. இதைக் குறுக்கு வழி என்று சொல்லும் சுத்தவாதிகள் உண்டு. அறுநூறு பேரை ஆறு தடவையாவது சமாளித்துப் பார்த்துவிட்டு அவர்கள் பேசலாம். ஆனாலும் எனக்குப் பிடித்தது மூன்றாவது வழி: பச்சை உருண்டையைக் கண் முன்னால் விரித்துப் போடுவது, வகையை மட்டும் இரண்டாக நிறுத்திக்கொள்வது. சீஸ் மட்டும் ஒன்று, காய்கறியோடு ஒன்று. எட்டு வகை எழுதிய பலகை மாட்டினால் ஒவ்வொருவரும் அண்ணாந்து நின்று படிப்பார்கள். அதற்கே பத்து நொடி. அறுநூறு பேருக்குப் பெருக்கிப் பாருங்கள், நூறு நிமிஷம்!

விறகா, கேஸா?

விறகு என்றால் பார்க்க அழகு, வாசனையும் உண்டு. நன்றாகக் காய்ந்த சவுக்கோ புளியோ கிடைத்தால் சரி. ஈர விறகு என்றால் மணமகளின் அத்தைக்குக் கண் எரியும், மண்டப மேனேஜர் ஓடி வருவார். ஏ.சி. மண்டபத்துக்குள் தீயை விடவே மாட்டார்கள். வெளியே இடம் எங்கே, மழை வந்தால் கூரை உண்டா என்று முந்தைய வாரமே போய்ப் பார்த்து வர வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் இதை மறந்தவர்கள் நனைந்த மாவோடு வீடு திரும்பியிருக்கிறார்கள். கேஸ் என்றால் 19 கிலோ வணிக சிலிண்டர்தான். வீட்டுச் சிவப்பு சிலிண்டரைத் தூக்கிப் போவது சட்டப்படி குற்றம். எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. பதிவோ உரிமமோ சின்ன கேட்டரிங்காரருக்கும் கட்டாயம். வருஷ வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் ஜி.எஸ்.டி. இவையெல்லாம் ஒரு நல்ல ஆடிட்டர் சொல்லிவிடுவார், நான் நீட்டவில்லை.

ஆடிட்டர் சொல்லாதது பஞ்சாங்கம். வளர்பிறை முகூர்த்த ஞாயிறு ஒன்றுக்கு ஐந்து பேர் அழைப்பார்கள், வண்டி ஒன்றுதான். ஆடியிலும் மார்கழியிலும் ஒருவரும் கூப்பிட மாட்டார்கள். மார்கழியையாவது கிறிஸ்துமஸ், புத்தாண்டு, கம்பெனி ஆண்டுவிழா காப்பாற்றும். ஆடிக்கு அடுக்குமாடிக் குடியிருப்புகளின் சனி, ஞாயிறு மாலைகளை நம்ப வேண்டும். அங்கே அறுநூறு பேர் இல்லை, ஐம்பது பேர்தான். ஆனால் ஆளுக்கு ஒரு முழுப் பீட்சா வாங்குவார்கள், காசையும் ஃபோனிலேயே அப்போதே அனுப்பிவிடுவார்கள்.

கல்யாணத்தில் அப்படி இல்லை. பத்தரை மணிக்கு அடுப்பு ஆறிக்கொண்டிருக்கும். மிஞ்சிய நாலு உருண்டையை விரித்து, கடைசிவரை வாசித்த நாதஸ்வரக்காரருக்கும் காவலாளிக்கும் டிரைவருக்கும் போட்டுக் கொடுத்த பிறகு, மீதிப் பணத்தை வாங்க மண்டபத்துக்குள் ஆளைத் தேடிப் போக வேண்டும். பெண்ணின் அப்பா சித்தப்பாவைக் காட்டுவார். சித்தப்பா தாய்மாமனைக் காட்டுவார். தாய்மாமன் வெற்றிலையை மென்றுகொண்டே தோளில் கை போட்டு, "பிரமாதம் தம்பி, பிள்ளைங்க எல்லாம் அங்கேயேதான் நின்னுச்சு" என்பார். பிறகு மெதுவாக, "நாளைக்கு மறுவீடு. அது முடிஞ்சு ஒரு வாரம் கழிச்சு வாங்களேன்?"

இன்றிலிருந்து எட்டு. அட்வான்ஸை முக்கால் பங்காக வாங்கியிருந்தவர் சிரித்துக்கொண்டே வண்டியை எடுப்பார்.